சில்வர்ஸ்டோனில் ஒரு செஞ்சிக் கோட்டை

இங்கிலாந்தில் சில்வர்ஸ்டோன் ரேஸ் டிராக்கின் வாசலுக்கு எதிரே ஒரு தொழிற்சாலை உண்டு. 1991-ல் ஃபார்முலா ஒன்னுக்குள் நுழைந்த ஓர் ஐரிஷ்காரர் தன் டீமுக்காகக் கட்டியது. அதன் வாசலில் முதலில் இருந்த பெயர் ஜோர்டான். 2006-ல் மிட்லாண்ட். மறு வருடம் ஸ்பைக்கர். அதற்கடுத்த வருடம் ஃபோர்ஸ் இந்தியா. 2019-ல் ரேசிங் பாயின்ட். 2021 முதல் ஆஸ்டன் மார்ட்டின். ஐரிஷ்காரர், கனடாக்காரர், டச்சுக்காரர், இந்தியர், மறுபடியும் ஒரு கனடாக்காரர் என்று முதலாளிகள் மாறிக்கொண்டே இருந்தார்கள். லேத்தும் வெல்டிங்கும் நிற்கவில்லை.

செஞ்சிச் சீமைக்காரர்களுக்கு இது பழகிய கதை. நாயக்கர்களிடமிருந்து 1649-ல் கோட்டையைப் பிடித்த பீஜப்பூர்க்காரர்கள் அதற்கு பாதுஷாபாத் என்று பெயர் வைத்தார்கள். 1677-ல் சிவாஜி வந்தார். மராட்டியர் வாயில் அது வேறு பெயரானது. எட்டு வருட முற்றுகைக்குப் பிறகு 1698-ல் நுழைந்த மொகலாயத் தளபதி சுல்பிகர் கான், நுஸ்ரத் ஜங் என்ற தன் பட்டத்தையே கோட்டைக்குச் சூட்டினார். 1750-ல் பிரெஞ்சுக்காரர், 1761-ல் ஆங்கிலேயர். கோட்டையின் ராஜகிரி மலை மட்டும் நின்ற இடத்தில் நின்றது. 2025 ஜூலையில் யுனெஸ்கோ பட்டியலில் கோட்டை இடம்பிடித்தபோதுகூட ‘மராட்டிய ராணுவ நிலப்பரப்புகள்’ என்ற தலைப்பின் கீழ்தான் சேர்ந்தது. அதே சீமையில் பனமலைக் குன்றின் மேல் ராஜசிம்ம பல்லவன் கட்டிய தாளகிரீசுவரர் கோயிலுக்கு அந்தச் சிக்கல் இல்லை. கட்டியவன் பெயர் ஆயிரத்து முந்நூறு வருடங்களாக அப்படியே இருக்கிறது. கோட்டைகளுக்குத்தான் அந்தக் கொடுப்பினை வாய்ப்பதில்லை.

அந்தத் தொழிற்சாலையின் கதையை இப்போது தமிழில் சொல்ல ஒரு காரணம் இருக்கிறது. அங்கே ஐரிஷ்காரரின் பெயர் இருந்த காலத்தில், நம் கோயம்புத்தூர்ப் பிள்ளை ஒருவர் அதன் காரை ஃபார்முலா ஒன் ரேஸ்களில் ஓட்டினார். அதே வாசலில் இந்தியா என்று எழுதியிருந்த பத்தரை வருடங்களில் ஓர் இந்தியர்கூட அதன் காரை ரேஸில் ஓட்டவில்லை.

மஞ்சள் கார்

எட்டி ஜோர்டான் டப்ளின்காரர். முதலில் வங்கி வேலை, பிறகு கார் ரேஸ், அதற்கும் பிறகு டீம் முதலாளி. பேச்சிலேயே பாதி ஸ்பான்சரைப் பிடித்துவிடக்கூடிய ஆள். 1991-ல் அவர் டீம் ஃபார்முலா ஒன்னுக்கு வந்தபோது காரை வடிவமைத்தவர்கள் மூன்றே பேர்: கேரி ஆண்டர்சன், அவருக்குக் கீழே ஆண்ட்ரூ கிரீன், மார்க் ஸ்மித். பச்சை நிறத்தில் ஒல்லியாக இருந்த அந்த ஜோர்டான் 191-ஐ, இதுவரை வந்த ஃபார்முலா ஒன் கார்களிலேயே அழகானது என்று சொல்பவர்கள் இன்றும் உண்டு. நானும் அந்தக் கட்சிதான்.

ஃபார்முலா ஒன் பார்க்காதவர்களுக்கு ஒரு வார்த்தை. சக்கரத்தின் மேல் மட்கார்டு இருக்காது, ஒரே ஒரு ஆள் உட்காரலாம், கூரை கிடையாது. இந்த வகைக் கார்களுக்கான ரேஸ்களில் உச்சியில் இருப்பது அதுதான். அங்கே ஒரு டீம் காரைக் கடையில் வாங்கி ஓட்ட முடியாது. சேசிஸைத் தானே வடிவமைக்க வேண்டும். இன்ஜினையும் கியர்பாக்ஸையும் வெளியில் வாங்கலாம். வருடக் கடைசியில் புள்ளிப் பட்டியலில் எந்த இடமோ, அதைப் பொறுத்துப் பரிசுப் பணம் வரும். ஓர் இடம் கீழே போனால் கோடிக்கணக்கில் நஷ்டம். கீழே கிடக்கும் டீமுக்குப் பணமும் குறைவு. பணம் குறைந்தால் கார் இன்னும் மெதுவாகும். இந்தச் சுழலில் மாட்டி மூடிய டீம்கள் ஏராளம்.

ஜோர்டான் மூடவில்லை. 1991 ஆகஸ்டில் அவருடைய டிரைவர் பெர்ட்ராண்ட் காஷோ, லண்டனில் டாக்சி டிரைவர் ஒருவர் முகத்தில் கண்ணீர்ப்புகை ஸ்பிரே அடித்த வழக்கில் சிறைக்குப் போனார். பெல்ஜியத்தின் ஸ்பா ரேஸுக்கு அவசரமாக ஆள் தேவைப்பட, ஒரு ஜெர்மன் இளைஞரை உட்கார வைத்தார்கள். பெயர் மைக்கேல் ஷூமாக்கர். தகுதிச் சுற்றில் ஏழாவது இடம்; ரேஸ் தொடங்கிய முதல் சுற்றிலேயே கிளட்ச் போய்விட்டது. அடுத்த ரேஸில் பெனட்டன் டீம் அவரைக் கொத்திக்கொண்டு போனது. ஆள் பிடிப்பதில் ஜோர்டானுக்கு இருந்த கண், பிடித்த ஆளை வைத்துக்கொள்ளப் போதவில்லை.

1998-ல் அதே ஸ்பாவில், கொட்டும் மழையில், மஞ்சளுக்கு மாறியிருந்த காரில் டேமன் ஹில் டீமின் முதல் வெற்றியைக் கொண்டுவந்தார். 1999-ல் ஃப்ரென்ட்ஸன் இரண்டு ரேஸ் வென்று, டீம் மூன்றாம் இடத்துக்கு வந்தது. அதுதான் உச்சம். அதன்பின் பெரிய கார் கம்பெனிகள் பணத்தைக் கொட்டத் தொடங்க, தனி முதலாளிகள் திணறினார்கள். 2003-ல் பிரேசிலில் ஃபிசிகெல்லா வென்றது நான்காவதும் கடைசியுமான வெற்றி. 2005 தொடக்கத்தில் கனடாக்காரர் அலெக்ஸ் ஷ்னைடரின் மிட்லாண்ட் குழுமத்துக்கு டீமை விற்றுவிட்டார் ஜோர்டான். அந்த ஒரு வருடம் மட்டும் பழைய பெயர் தொடர்ந்தது.

அந்த ஒரு வருடத்தில்தான் நரேன் கார்த்திகேயன் வந்தார்.

2005 மார்ச் 6, மெல்பர்ன். ஃபார்முலா ஒன் ரேஸில் கலந்துகொண்ட முதல் இந்தியர் என்று பெயர் எழுதப்பட்ட நாள். தகுதிச் சுற்றில் 12-வது இடம், ரேஸில் 15-வது. கார் மெதுவான கார். டொயோட்டா இன்ஜின் மட்டும்தான் சொல்லிக்கொள்ளும்படி. அந்த இடத்துக்கு அவர் திறமையால் மட்டும் வந்துவிடவில்லை. டாடா உள்ளிட்ட இந்திய நிறுவனங்களின் ஸ்பான்சர் பணமும் கூடவே வந்தது. அதில் வெட்கப்பட ஒன்றுமில்லை. சின்ன டீம்களில் சீட் என்பது பாதி திறமை, பாதி பணம். ஐரோப்பியப் பையன்களுக்கும் அதே கணக்குதான்.

அந்த வருடம் ஜூன் 19, அமெரிக்காவின் இண்டியானாபொலிஸ். சாய்வாக எழுந்து நிற்கும் கடைசி வளைவின் அழுத்தத்தை மிஷலின் டயர்கள் தாங்கவில்லை. வெள்ளிக்கிழமைப் பயிற்சியில் ரால்ஃப் ஷூமாக்கரின் கார் சுவரில் மோதியது. இரண்டு நாள் பேச்சுவார்த்தையில் உடன்பாடு வரவில்லை. ஞாயிற்றுக்கிழமை அணிவகுப்புச் சுற்று முடிந்ததும் மிஷலின் போட்ட 14 கார்களும் ஒன்றன்பின் ஒன்றாக, டீம்கள் காரைக் கவனிக்கும் இடமான பிட்டுக்குள் திரும்பிவிட்டன. பிரிட்ஜ்ஸ்டோன் போட்ட ஆறு கார்கள் மட்டும் ரேஸ் ஓடின: இரண்டு ஃபெராரி, இரண்டு ஜோர்டான், இரண்டு மினார்டி. ரசிகர்கள் பாட்டில்களை வீசினார்கள். ஜோர்டானின் போர்ச்சுகீசிய டிரைவர் மொன்டெய்ரோ மூன்றாவது, நரேன் நான்காவது. ஐந்து புள்ளிகள். இந்தியர் ஒருவர் ஃபார்முலா ஒன்னில் எடுத்த முதல் புள்ளிகள் அவை. ஆறு பேர் ஓடிய ரேஸ் என்று குறை சொல்பவர்கள் சொல்லட்டும். ஓட வேண்டிய காரை உடைக்காமல் கடைசிவரை ஓட்டியவருக்குப் புள்ளி கொடுப்பதுதான் விதி. அந்த வருடம் முழுக்க ஜோர்டான் எடுத்தது 12 புள்ளிகள். அதில் 11 அந்த ஒரு நாளில் வந்தவை.

மறு வருடம் மிட்லாண்ட் என்ற பெயரில் ஒரு புள்ளியும் இல்லை. வருடம் முடிவதற்குள்ளேயே டச்சு ஸ்போர்ட்ஸ் கார் கம்பெனியான ஸ்பைக்கர் வாங்கிக்கொண்டது. ஸ்பைக்கர் காலத்தைப் பற்றிச் சொல்ல ஒரே ஒரு வேடிக்கைதான் உண்டு. 2007-ல் ஜெர்மனியின் நூர்பர்க்ரிங்கில், மழை வரும் என்று கணித்து, மார்கஸ் விங்கல்ஹாக் என்ற புது டிரைவரை மழை டயரோடு கடைசியிலிருந்து கிளப்பினார்கள். இரண்டாம் சுற்றுக்குள் வானம் கொட்டியது. மற்றவர்கள் வழுக்கித் தடுமாற, கடைசியில் நின்ற கார் முதலில் ஓடியது. ரேஸ் நிறுத்தி மறுபடி தொடங்கியபோது பின்தங்கினார். பிறகு கார் நின்றுவிட்டது. அவர் வாழ்க்கையில் ஓட்டிய ஒரே ஃபார்முலா ஒன் ரேஸ் அது.

மூவர்ணம் பூசிய மூக்கு

2007 அக்டோபரில் விஜய் மல்லையாவும் டச்சுத் தொழிலதிபர் மிகியல் மோலும் சேர்ந்து 8.8 கோடி யூரோவுக்கு டீமை வாங்கினார்கள். மல்லையா ரேஸுக்குப் புதியவர் அல்ல. 1980-களில் சோழவரத்தில் பழைய என்சைன் ஃபார்முலா ஒன் காரை இறக்குமதி செய்து ஓட்டியவர். அவருக்கு இது வியாபாரம் பாதி, ஆசை பாதி.

இன்று அவர் பெயரைச் சொன்னால் வங்கிக் கடன்தான் நினைவுக்கு வருகிறது. ஆனால் அந்த டீம் என்ன செய்தது என்பதைத் தனியாகப் பார்க்க வேண்டும். 2008-ல் ஃபெராரி இன்ஜின், பூஜ்யம் புள்ளி. மொனாக்கோவில் ஏட்ரியன் சூட்டில் நான்காவதாக ஓடிக்கொண்டிருந்தபோது, பின்னால் வந்த கிமி ரைக்கோனன் கட்டுப்பாடு இழந்து வந்து மோதினார். சூட்டில் அழுதார். வருடக் கடைசியில் மெர்சிடஸ் இன்ஜினும் மெக்லாரன் கியர்பாக்ஸும் தரும் ஒப்பந்தம் கையெழுத்தானது. அங்கிருந்துதான் திருப்பம்.

2009 ஆகஸ்ட் 30, மறுபடியும் ஸ்பா. முதல் நாள் தகுதிச் சுற்றில், அதுவரை ஒரு புள்ளிகூட எடுக்காத டீமின் ஃபிசிகெல்லா முதலிடம் பிடித்தபோது யாராலும் நம்ப முடியவில்லை. காரணம் சாதாரணமானது. ஸ்பா நீண்ட நேர்ச்சாலைகள் உள்ள டிராக். ஃபோர்ஸ் இந்தியா காருக்குக் காற்றின் எதிர்ப்பு குறைவு. மெர்சிடஸ் இன்ஜினுக்கு வலு அதிகம். வளைவுகள் நிறைந்த ஊர்களில் திணறிய கார், அங்கே பறந்தது. ரேஸில் ரைக்கோனன், பிரேக்கில் சேமித்த மின்சக்தியை உந்துவிசையாக்கும் கருவியை வைத்து ஐந்தாம் சுற்றில் முந்தினார். ஃபிசிகெல்லாவின் காரில் அது கிடையாது. கடைசிவரை விடாமல் துரத்தி ஒரு வினாடிக்கும் குறைவான இடைவெளியில் இரண்டாவது வந்தார். டீமின் முதல் புள்ளியே எட்டுப் புள்ளி, முதல் மேடையே இரண்டாம் படி. அடுத்த ரேஸிலேயே ஃபெராரி அவரை அழைத்துக்கொண்டது. ஷூமாக்கர் கதைதான்.

அதன்பின் வளர்ச்சி நிதானமாக வந்தது. 2010-ல் ஏழாம் இடம், 2011-ல் ஆறு, 2015-ல் ஐந்து, 2016-லும் 2017-லும் நான்கு. மெர்சிடஸ், ரெட் புல், ஃபெராரி மூன்றுக்கும் அடுத்தபடி. அந்தப் பெரிய டீம்களில் வேலை பார்த்தவர்களில் பாதி அளவுக்குத்தான் இங்கே ஆள், நானூறு பேர். ஒரு பவுண்டுக்கு எத்தனை புள்ளி என்று கணக்குப் போட்டால், அந்தப் பத்தாண்டில் ஃபார்முலா ஒன்னின் சிறந்த டீம் இதுதான் என்பது என் தீர்ப்பு. செர்ஜியோ பெரஸ் மட்டும் ஐந்து முறை மேடை ஏறினார்: 2014 பஹ்ரைன், 2015 ரஷ்யா, 2016-ல் மொனாக்கோவும் பாக்குவும், 2018-ல் மறுபடி பாக்கு.

இதைச் செய்தவர்கள் யார்? 191-ஐ வரைந்த மூவரில் ஒருவரான ஆண்ட்ரூ கிரீன் 2010-ல் திரும்பி வந்து தொழில்நுட்ப இயக்குநரானார். ஜோர்டானிடம் மெக்கானிக்காகச் சேர்ந்த ஆண்டி ஸ்டீவன்சன், எல்லாப் பெயர் மாற்றங்களையும் தாண்டி ஆஸ்டன் மார்ட்டின் வரை நீடித்தார். முதலாளிகள் மாற மாற, காவல்காரர்கள் அங்கேயே இருந்தார்கள். டீமின் உயிர் அவர்களிடம் இருந்தது.

காரின் மூக்கிலும் இறக்கையிலும் காவி, வெள்ளை, பச்சை. சீட்டில் இத்தாலியர், ஜெர்மானியர், ஸ்காட்லாந்துக்காரர், மெக்சிகோக்காரர், பிரெஞ்சுக்காரர்.

ஒரே டிராக்கில் இரண்டு இந்தியா

2011 அக்டோபர் 30. கிரேட்டர் நொய்டாவின் புத்தா டிராக்கில் முதல் இந்தியன் கிராண்ட் பிரீ. இந்த நாளை மட்டும் எடுத்துக்கொண்டால் போதும். முழுக் கதையும் விளங்கிவிடும்.

ஃபோர்ஸ் இந்தியாவின் சூட்டில் 9-வது வந்து இரண்டு புள்ளிகள் எடுத்தார். இன்னொரு டிரைவர் பால் டி ரெஸ்டா 13-வது. அதே ரேஸில் நரேன் கார்த்திகேயன் 17-வது. எந்த டீமில்? ஸ்பெயினின் ஹெச்.ஆர்.டி.யில், பட்டியலின் அடியில் கிடந்த, பணமில்லாத டீம். அதே டீமின் இன்னொரு காரில் இருந்த டேனியல் ரிக்கியார்டோ அவருக்குப் பின்னால் 18-வது வந்தார். ரிக்கியார்டோ பிற்பாடு எட்டு கிராண்ட் பிரீ வென்றவர். சென்னையின் கருண் சந்தோக்குக்கு அன்று சீட்டே இல்லை. லோட்டஸ் டீமுக்காக வெள்ளிக்கிழமைப் பயிற்சியில் மட்டும் ஓட்டினார்.

கருணின் கதை இன்னும் பாவம். 2010 பஹ்ரைனில் ஹெச்.ஆர்.டி. டீமுக்காக அவர் அறிமுகமானபோது கார் தயாராகவே இல்லை. பயிற்சிகளெல்லாம் முடிந்து, தகுதிச் சுற்றில்தான் முதன்முதலாக அந்தக் காரில் உட்கார்ந்தார். இப்படி ஒரு காரை வைத்துக்கொண்டும் ஆஸ்திரேலியாவில் 14-வதாக முடித்தார். அதற்கு முன், ஃபார்முலா ஒன்னுக்கு ஒரு படி கீழே இருந்த ஜி.பி. 2 போட்டிகளில் ஸ்பாவிலும் ஹாக்கன்ஹைமிலும் வென்றிருந்தவர் அவர். பெயரில் இந்தியா வைத்த டீம் ஒரு பக்கம் முன்னேறிக்கொண்டிருக்க, இந்தியாவின் இரண்டு டிரைவர்களும் இன்னொரு பக்கம் ஸ்பெயின்காரரின் ஓட்டைக் காரைத் தள்ளிக்கொண்டிருந்தார்கள்.

மல்லையா தரப்பு நியாயத்தையும் சொல்லிவிட வேண்டும். புள்ளிக்குப் பணம் என்ற விளையாட்டில் வேகமான டிரைவரை எடுப்பதுதான் புத்திசாலித்தனம். பெரஸையும் ஹுல்கன்பர்க்கையும் எடுத்ததால்தான் டீம் நான்காம் இடத்துக்கு வந்தது. நரேன் அப்போது முப்பதுகளில் இருந்தார். நாட்டுப்பற்றுக்காகச் சீட் கொடுத்திருந்தால் நானூறு பேரின் சம்பளத்தில் கை வைத்திருக்க வேண்டும். இந்த வாதத்தில் தவறில்லை. ஆனால் 2019-ல் இதே டீமின் சீட் ஒன்று புதிய முதலாளி லாரன்ஸ் ஸ்ட்ரோலின் மகன் லான்ஸுக்குப் போனது. முதலாளிக்கு மனம் இருந்தால் சீட் இருக்கும் என்பதும் உண்மைதான்.

உருப்படியான ஒரு முயற்சியும் நடந்தது. 2011-ல் ‘நூறு கோடியில் ஒருவன்’ என்று நாடு முழுக்க கார்ட்டிங் தேர்வு வைத்து அர்ஜுன் மைனி, ஜெஹான் தருவாலா, தருண் ரெட்டி என்ற மூன்று சிறுவர்களை டீம் தேர்ந்தெடுத்தது. தேர்வு பழுதில்லை. ஜெஹானும் அர்ஜுனும் பின்னாளில் ஃபார்முலா 2 வரை போனார்கள். ஜெஹான் அங்கே ரேஸ்களும் வென்றார். கார்ட்டில் தொடங்கும் பையன் ஃபார்முலா ஒன்னை எட்டக் குறைந்தது எட்டுப் பத்து வருடம் ஆகும். அவர்கள் அந்த வாசலை நெருங்கியபோது முதலாளியிடம் பணம் தீர்ந்திருந்தது.

2011-ல் சஹாரா குழுமம் 10 கோடி டாலருக்கு 42.5 சதவீதப் பங்கை வாங்கியது. 2012-ல் கிங்ஃபிஷர் விமானங்கள் தரையிறங்கி நின்றன. 2014-ல் சஹாராவின் சுப்ரதா ராய் திகார் சிறைக்குப் போனார். 2016-ல் மல்லையா நாட்டை விட்டுப் போனார். கார்கள் மட்டும் வருடத்துக்கு வருடம் வேகமாகிக்கொண்டிருந்தன. 2017-ல் ஆஸ்திரிய தண்ணீர் சுத்திகரிப்புக் கம்பெனி ஒன்றின் ஸ்பான்சருக்காக மூவர்ணம் போய், முழுக் காரும் பிங்க் ஆனது.

2018 ஜூலை, ஹங்கேரி ரேஸ் வாரம். சம்பள பாக்கியிருந்த பெரஸே நீதிமன்றம் போனார். டீமைக் கவிழ்க்க அல்ல. வேறொரு கடன்காரர் ஏலத்துக்குக் கொண்டுபோய்விடும் முன், நிர்வாகியின் கையில் ஒப்படைத்துக் காப்பாற்ற. ஸ்ட்ரோல் தலைமையிலான கூட்டணி வாங்கியது. அதுவரை அந்த வருடம் எடுத்திருந்த 59 புள்ளிகளும் அழிந்தன. புது டீமாகப் பூஜ்யத்திலிருந்து தொடங்கி, ஸ்பாவில் பெரஸும் சக டிரைவர் ஒக்கானும் ஐந்தும் ஆறுமாக வந்தார்கள். மிச்ச ரேஸ்களில் மட்டும் 52 புள்ளிகள் எடுத்து ஏழாம் இடம். 2020 டிசம்பர் 6-ம் தேதி பஹ்ரைனில், முதல் சுற்றில் கடைசி இடத்துக்குத் தள்ளப்பட்ட பெரஸ் எழுந்து வந்து ரேஸையே வென்றார். அந்தத் தொழிற்சாலைக்கு 17 வருடங்களுக்குப் பிறகு கிடைத்த வெற்றி. அடுத்த வருடத்துக்கு அவரை வேண்டாம் என்று டீம் முன்பே சொல்லியிருந்தது.

சோழவரம், கோவை, இருங்காட்டுக்கோட்டை

சரி, சீட் கிடைக்கும் தகுதியுள்ள ஆட்கள் எங்கிருந்து வந்தார்கள்? டெல்லியிலிருந்தோ மும்பையிலிருந்தோ அல்ல. ஃபார்முலா ஒன் ஓட்டிய இரண்டு இந்தியர்களும் தமிழ்நாட்டுக்காரர்கள். அது தற்செயல் இல்லை.

இரண்டாம் உலகப் போரில் போர் விமானங்களுக்காகப் போட்ட ஓடுபாதை ஒன்று சென்னைக்கு வடக்கே சோழவரத்தில் சும்மா கிடந்தது. 1953-ல் உருவான மெட்ராஸ் மோட்டார் ஸ்போர்ட்ஸ் கிளப் அதில் ரேஸ் நடத்தியது. அதைத் தொடங்கியவர்களில் ஒருவர் இந்து சந்தோக், கருணின் தாத்தா. பிறர் பாதையில் எத்தனை நாள் ஓடுவது என்று, ஸ்ரீபெரும்புதூர் அருகே இருங்காட்டுக்கோட்டையில் சொந்தமாக நிலம் வாங்கி டிராக் போட்டு 1990-ல் திறந்தார்கள். சுற்றளவு 3.7 கிலோமீட்டர். ஒரு கிளப் தன் முயற்சியில் கட்டி, இன்றுவரை நடத்திவரும் டிராக் அது. புத்தா டிராக்கோ, ஆயிரக்கணக்கான கோடியில் கட்டப்பட்டு மூன்றே கிராண்ட் பிரீயோடு, வரித் தகராறில், ஃபார்முலா ஒன்னை இழந்தது.

கோவையில் நடந்தது இன்னும் முக்கியம். லட்சுமி மில்ஸ் குடும்பத்தைச் சேர்ந்த கரிவர்தன், வெளிநாட்டுக் காரை இறக்குமதி செய்யும் வசதி இருந்தும் வேறு வழி தேடினார். இரும்புக் குழாயில் சட்டம், ஃபைபரில் உடல், உள்ளே மாருதி 800 இன்ஜின். உள்ளூர்க் கடையில் கிடைக்கும் சாமான்களை வைத்தே ஒற்றை இருக்கைக் கார் செய்ய முடியும் என்று காட்டினார். அதுதான் ஃபார்முலா மாருதி. ராஜா வீட்டுப் பொழுதுபோக்காக இருந்த ரேஸ், மெக்கானிக் கைக்கு எட்டியது அப்போதுதான். அவருடைய சூப்பர் ஸ்பீட்ஸ் டீமில் கார் கட்டவும் ஓட்டவும் கற்றவர்கள் ஒரு தலைமுறை. இந்தியாவில் திறந்த சக்கர ரேஸ் டீம் என்று உண்மையில் சொல்லத்தக்கது எது என்று கேட்டால் நான் சில்வர்ஸ்டோனைக் கைகாட்ட மாட்டேன்; கோவைப் பட்டறையைத்தான் காட்டுவேன். 1995-ல் வானில் நடந்த ஒரு விபத்தில் கரிவர்தன் இறந்தார். அவர் பெயரில் 2003-ல் செட்டிபாளையத்தில் கரி மோட்டார் ஸ்பீட்வே திறக்கப்பட்டது. ரோலான் செயின் செய்யும் எல்.ஜி.பி. நிறுவனம் மாருதி இன்ஜினை வைத்து உருவாக்கிய எல்.ஜி.பி. ஃபார்முலா 4 கார்கள் அங்கேதான் சுற்றுகின்றன.

நரேன் இந்த மண்ணில் முளைத்தவர். அப்பா ஜி.ஆர்.கார்த்திகேயன் ராலி சாம்பியன். தென்னிந்திய ராலியை ஏழு முறை வென்றவர். பையன் இருங்காட்டுக்கோட்டையில் தொடங்கி, 1993-ல் ஃபார்முலா மாருதி ஓட்டி, 1996-ல் ஃபார்முலா ஏசியா பட்டம் வென்ற முதல் இந்தியரானார். 2007-08-ல் நாடுகளுக்கிடையிலான ஏ1 கிராண்ட் பிரீயில் ‘டீம் இந்தியா’ காரில் சீனாவின் ஜுஹாயிலும் இங்கிலாந்தின் பிராண்ட்ஸ் ஹாட்ச்சிலும் ஜெயித்தார். இந்தியா என்ற பெயரும் இந்திய டிரைவரும் ஒரே காரில் சேர்ந்தபோது அது வென்றும் காட்டியது. ஏ1 அமைப்பு 2009-ல் கடனில் மூழ்கியது வேறு விஷயம்.

இருங்காட்டுக்கோட்டைக்கு உலகமும் வந்து போயிருக்கிறது. எம்.ஆர்.எஃப். நடத்திய ஃபார்முலா 2000 தொடரில் மைக்கேல் ஷூமாக்கரின் மகன் மிக் ஓட்டினார். 2019 பிப்ரவரியில் ஜேமி சாட்விக் அங்கே அந்தத் தொடரின் பட்டத்தை வென்ற முதல் பெண்ணானார். நடிகர் அஜித் குமார் 2010-ல் ஃபார்முலா 2 ஓட்டியதும் தமிழர்களுக்குத் தெரியும். அவர் ரேஸ் உடையில் வந்தால் கூடும் கூட்டத்தில் நூறில் ஒரு பங்கு தேசிய சாம்பியன்ஷிப் பார்க்க வந்தால், இங்கே ஸ்பான்சர் பஞ்சம் தீர்ந்துவிடும்.

2024 ஆகஸ்ட் 31, செப்டம்பர் 1. சென்னைத் தீவுத்திடலைச் சுற்றி 3.5 கிலோமீட்டர் தெருவில், மின்விளக்கு வெளிச்சத்தில் இரவு ரேஸ். மிக்ஜாம் புயலால் 2023 டிசம்பரிலிருந்து தள்ளிப்போனது. கண்ணுக்கு விருந்துதான், மறுக்கவில்லை. ஆனால் ஓடிய ஃபார்முலா 4 கார்களின் சேசிஸ் பிரான்சில் செய்தது, இன்ஜினும் வெளிநாடு. கரிவர்தன் முப்பத்தைந்து வருடம் முன்பு போட்ட பாதையிலிருந்து நாம் முன்னே போயிருக்கிறோமா, பின்னே வந்திருக்கிறோமா என்ற கேள்வியை அந்த வெளிச்சத்தில் யாரும் கேட்டதாகத் தெரியவில்லை.

குதிரையேற்றத்துக்குப் பேர்போன தேசிங்கு ராஜாவின் ஊர் எங்களுடையது. ஆனால் பனமலை, அனந்தபுரம், செஞ்சிப் பக்கத்துப் பையன்கள் இன்று ஐ.டி.ஐ. முடித்துவிட்டுப் போவது ஸ்ரீபெரும்புதூர், ஒரகடம் தொழிற்சாலைகளுக்கு. இருங்காட்டுக்கோட்டையில் ஹூண்டாய் தொழிற்சாலையும் ரேஸ் டிராக்கும் ஒரே ஊரில் இருக்கின்றன. ஷிப்டுக்கு ஷிப்ட் கார் பூட்டும் அந்தப் பையன்களுக்கு, பக்கத்திலேயே இருக்கும் டிராக்கில் ஒரு ரேஸ் மெக்கானிக் ஆவதற்கு என்ன வழி என்று சொல்லித்தர ஒரு ஏற்பாடும் கண்ணில் படவில்லை. தெருவில் இரண்டு இரவு ரேஸுக்குச் செலவழித்த அரசு, அந்த அளவுப் பணத்தில் ஒரு பகுதியையாவது இருங்காட்டுக்கோட்டையிலும் செட்டிபாளையத்திலும் பயிற்சிப் பட்டறைக்கும், அரசுப் பள்ளிப் பிள்ளைகளுக்கான கார்ட்டிங்குக்கும் ஒதுக்க வேண்டும். எம்.ஆர்.எஃப்., எல்.ஜி.பி. போன்ற நம்மூர் நிறுவனங்கள் அதில் கைகோக்க வேண்டும். பத்து வருடம் விடாமல் செய்ய வேண்டும். அதற்குக் குறைந்தால் செய்யாமலே இருக்கலாம்.

வாசகர்களுக்கும் ஒன்று. தேசிய ரேஸ் சுற்றுகள் வருடா வருடம் இந்த இரண்டு ஊர்களிலும் நடக்கின்றன. பிள்ளைகளை அழைத்துக்கொண்டு போங்கள். கார் ஓடுவதை மட்டும் பார்க்காமல், பிட் பக்கம் அனுமதி கேட்டு, கழற்றிப் பூட்டுகிறவர்களையும் காட்டுங்கள்.